இரண்டு மிதி

தரைக்கு மெழுகு போடுகிறவன் உள்மூலையில் ஆரம்பித்துப் பின்நடையாக வாசலுக்கு வர வேண்டும். வாசலில் ஆரம்பித்தவன் மெழுகு காயும்வரை மூலையிலேயே நிற்க வேண்டியதுதான். முப்பத்தைந்து வருடமாக மார்ல்ஃபீல்ட் கல்லூரியின் பேண்டு கூடத்தில் நான் அப்படித்தான் வேலை செய்தேன். இதையும் உள்மூலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

லோவெல் சார், நீங்கள் மஞ்சள் தாளும் பேனாவும் கொடுத்து, "உனக்குத் தெரிஞ்சத எழுது டெல்மர், ஸ்பெல்லிங்கப் பத்திக் கவலப்படாத" என்றீர்கள். சின்ன வயதில் படித்தவர்கள் அப்படிச் சொல்லலாம். நான் நாற்பத்தேழு வயதில் எழுத்தைப் பிடித்தவன். எனக்கு ஸ்பெல்லிங் மேல் ஒரு பக்தி உண்டு. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். கல்லூரிக் காவல் அலுவலகத்தில் இன்று மதியம் உங்களுக்கும் வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

1949 ஆகஸ்ட். போர் முடிந்து கல்லூரி பேண்டை மறுபடி எழுப்பினார்கள். புதிதாக வந்த பேண்டு மாஸ்டர் வாண்டர்மீர் ராணுவ பேண்டில் இருந்தவர். நடக்கும்போதுகூட இடது காலைத்தான் முதலில் எடுத்து வைப்பார். வந்து பார்த்தால் கல்லூரிப் பாட்டுக்கு ஸ்வரத் தாள்கள் இல்லை. நிலவறையில் வெள்ளம் புகுந்து எல்லாம் கூழாகிவிட்டிருந்தன. மிச்சம் இருந்தது அலமாரியில் ஒரே ஒரு கிராமபோன் இசைத்தட்டு. 1931இல் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் மெஷினோடு வந்து, எங்கள் கூடத்திலேயே பேண்டை வாசிக்கவைத்துப் பதிந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாட்டை எழுதியாக வேண்டும்.

அவர் தட்டை கிராமபோன் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் தரைக்கு மெழுகு போட வந்தேன். டப்பாவைச் சூடு காட்டி இளக்கி, பிரஷ்ஷை எடுத்து, கிராமபோனைத் தாண்டிப் போனேன். ஒரு சொட்டு விழுந்தது. பட்டாணியில் பாதி அளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிட்டது. பட்டிக் கத்தியால் சுரண்டினேன். சுரண்டியதில் மெழுகு போகவில்லை; இருந்த இடத்தில் இன்னும் நன்றாக அமுங்கிக்கொண்டது.

வாண்டர்மீர் வந்தார், முள்ளை வைத்தார். பாட்டு ஜோராகப் போனது. பல்லவியின் இரண்டாவது வரி முடிகிற இடத்தில் முள் மெழுகு மேல் ஏறி இறங்கியது. டொக், டொக். அந்த இரண்டு தாளத்துக்குப் பாட்டே இல்லை. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பேண்டு தொடர்ந்தது.

"டெல்மர், கேட்டியா?"

"இல்ல சார்."

"காத எங்க அடகு வெச்ச? பாட்டு நிக்குது. ரெண்டு மிதி விழுது. அப்புறம் பாட்டு எடுக்குது. அந்தக் காலத்துப் பசங்க என்னமா யோசிச்சிருக்கானுங்க பாரு."

"அது வந்து சார், அது மிதி இல்ல..."

"உனக்கு சங்கீதம் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப தரையப் பாரு."

தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல நான் முயன்றேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பென்சிலை எடுத்து, அந்த இடத்தில் 'இரண்டு தாளம் மௌனம், எல்லோரும் மிதிக்கவும்' என்று எழுதினார்.

அந்த அக்டோபரில் அறுபது பையன்கள் மைதானத்தில் அணிவகுத்து வாசித்து, நிறுத்தி, இரண்டு மிதி மிதித்தார்கள். அடுத்த வருடம் மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த வருடம் ஊரே மிதித்தது. எங்கள் ஃபுட்பால் அணிக்குக் 'கோவேறு கழுதைகள்' என்று பெயர். தோற்பதில் அப்படி ஒரு பிடிவாதம். ஆட்டத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை, மிதிக்கத்தான் வந்தார்கள். பதினோராயிரம் பேர், மரப் பலகைப் படிகள். நான் அந்தப் படிகளுக்கு அடியில் காகிதக் கோப்பை பொறுக்கும் சாக்கோடு நிற்பேன். மிதி விழும்போது முப்பது வருடத் தூசி என் தொப்பியில் கொட்டும். தொப்பியைக் கழற்றித் தட்டுவேன். அதைப் பார்த்து, நான் தொப்பி கழற்றி வணக்கம் வாங்கிக்கொள்கிறேன் என்று என் மனைவி நெட்டி கேலி செய்வாள். அப்படி ஒன்றும் இல்லை. தூசியைத்தான் தட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் கூட்டிய தரையில் மறுநாள் காலை சேறு இருக்கும். நான் துடைத்த கண்ணாடியில் மதியத்துக்குள் விரல் ரேகை இருக்கும். என் கையால் ஆன வேலைகளில் அடுத்த நாள்வரை நின்றது அந்த இரண்டு மிதி ஒன்றுதான்.

1966இல் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை மதியம். சொல்லிக்கொடுத்தவர் மிசஸ் ஸ்ட்ராண்ட். விதவை. நேராக உட்காருவார். பென்சிலைக் கத்தியால் சீவுவார்.

"வாய அசைக்காமப் படிங்க டெல்மர். மாடு அசை போடற மாதிரி இருக்கு."

"மெல்லாம முழுங்கினா செரிக்காது மேடம்."

"செரிக்கறதெல்லாம் அப்புறம். மொதல்ல தட்டுல என்ன இருக்குன்னு பாருங்க."

நான் முதல் முதலாக ஒரு பக்கம் முழுவதும் படித்தது, ஆட்டத்தன்று விற்கிற சின்னப் புத்தகத்தை. அதில் எங்கள் பாட்டின் வரலாறு இருந்தது. போரிலிருந்து திரும்பி வராத இரண்டு பேண்டு மாணவர்களுக்காக அந்த இரண்டு தாளம் மௌனம் காக்கப்படுகிறது, இரண்டு மிதியும் அவர்கள் வீடு திரும்பும் காலடி என்று போட்டிருந்தது. மிசஸ் ஸ்ட்ராண்ட் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் வாயை அசைக்காமல் இரண்டாம் முறையும் படித்தேன். பேண்டில் போருக்குப் போய்ச் செத்தவர்கள் நான்கு பேர். கூடத்துச் சுவரில் நான்கு படங்களையும் நான்தான் துடைப்பேன். மிதி இரண்டே என்பதால் நான்கில் இரண்டு பேரை யாரோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரின் தாய்மார்களுக்கும் முன்வரிசையில் கம்பளி விரித்து இடம் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு தாய்மார்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நான் கவனித்ததில்லை.

அன்றிலிருந்து அது என் தப்பு இல்லை, என் பொறுப்பு ஆகிவிட்டது. இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

1974இல் ஒரு செவ்வாய்க்கிழமை மிசஸ் ஸ்ட்ராண்ட் தன் கணவர் எம்மெட்டைப் பற்றிச் சொன்னார். எம்மெட் 1931இல் எங்கள் கல்லூரியில் ஆட்டத்தின்போது கோஷம் போடுகிறவர், வாயில் கூம்புக் குழாய் வைத்துக் கத்துகிற ஆள். அந்த இசைத்தட்டு பதிந்த அன்று பல்லவியின் இரண்டாவது வரி முடியும் இடத்தில் பேண்டு நிற்கும். எம்மெட் கல்லூரியின் பெயரைத் தனியாகக் கத்த வேண்டும். அவர் வேறு ஒரு சொல்லைக் கத்திவிட்டார். மறுபடி பதியக் கம்பெனிக்காரர்களிடம் பதிவு எடுக்கிற மெழுகுத் தகடு மிச்சம் இல்லை. பழைய பேண்டு மாஸ்டர் அவரை ஒரு மாதம் கூடத்துக்குள் விடவில்லை.

"என்ன சொல்லு மேடம் அது?"

"அதான் தெரியல. நான் அப்ப நெப்ராஸ்காவுல பள்ளிக்கூடத்துல வேலை பாத்துட்டிருந்தேன். கல்யாணத்துக்கப்புறம் தெனம் கேப்பேன். 'ரெக்கார்டு வாங்கிக் கேட்டுக்கோ'ன்னு சிரிப்பாரு. எங்ககிட்ட கிராமபோனும் இல்ல, ரெக்கார்டும் இல்ல. அஞ்சு வருஷம் இப்படியே வெளையாட்டு காட்டிட்டு, நிமோனியாவுல போய்ட்டாரு. சொல்லாமலே."

"ஏதாவது கெட்ட வார்த்தையா இருக்கும் மேடம்."

"இருந்தா இருக்கட்டுமே. கெட்ட வார்த்தைன்னாலும் அவரு வாயால கேக்கணும்." பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். "எடது காது போயாச்சு. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாப் போகுதாம். டாக்டர் ஏழெட்டு வருஷம்னு கணக்கு சொல்றாரு. அதுக்குள்ள கேட்டுடணும்."

கூடத்தில் இருந்த தட்டு அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. யாரும் தொடக் கூடாது, சாவி அலுவலகத்தில். அதனால் பழைய மாணவர்கள் யாரிடமாவது வேறு தட்டு இருக்குமா என்று கல்லூரிப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க நினைத்தார். எழுத்துப் பயிற்சிக்காக அதை என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். பார்சல் அவர் வீட்டு வாசலில் கிடந்தால் மழையில் நனையும், பேண்டு கூடத்து முகவரியைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். அங்கே தபால் வாங்குகிறவன் நான்.

"உங்கள மாதிரி யோசிக்கற ஆள் எனக்கு ரெண்டு பேர் இருந்தாப் போதும் டெல்மர்" என்றார்.

ஏழு வருடத்தில் ஆறு தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றையும் கூடத்து மெஷினில் ஒருமுறை வைத்துக் கேட்டேன். கேட்காமல் செய்வது மரியாதை இல்லை. ஆறிலும் அந்த இடத்தில் மிதி இல்லை. ஓர் இளம் ஆண் குரல் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. இதை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பதினோராயிரம் பேர் முப்பது வருடமாக ஒரு மெழுகுச் சொட்டை மிதித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஆகும். முன்வரிசைத் தாய்மார்கள் என்ன ஆவார்கள்?

இசைத்தட்டை உடைப்பது பாவம். நான் ஒன்றையும் உடைக்கவில்லை. ரொட்டி அடுப்பில் குறைந்த சூட்டில், ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் தட்டு தளர்ந்து, விளிம்பு மடிப்பு மடிப்பாகத் தொங்கும். ஆறினால் அழகான கிண்ணம். நடுவில் இருக்கிற ஓட்டைக்கு ஒரு கார்க். முதல் தடவை நெட்டி கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"ஊருல அவனவன் பொண்டாட்டிக்கு கேக் சுட்டுத் தர்றான். எனக்கு வாய்ச்சது ரெக்கார்டு சுடுது."

"பழைய குப்ப. சும்மாதான கெடக்கு."

"அப்ப உன்னையும் ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வெச்சுப் பாக்கலாமா? எதாவது உருப்படியா வரும்."

ஆனாலும் அவளுக்குப் பிடித்துவிட்டது. நடுவில் இருந்த பெயர்ச் சீட்டின் மேல் அவளே சூரியகாந்திப் பூ வரைந்தாள். தேவாலயத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற விருந்துகளில் கொடுத்தாள். ஒன்றில் மிசஸ் ஸ்ட்ராண்ட் உருளைக்கிழங்கு சிப்ஸ் எடுத்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். நல்ல கிண்ணம் என்று நெட்டியிடம் சொன்னார். ஒன்று உங்கள் வீட்டம்மாவுக்குப் போனது. உங்கள் மேசையில் வேர்க்கடலை வைத்திருக்கிறீர்களே சார், அந்தக் கறுப்புக் கிண்ணம்தான். பூவைச் சுரண்டிப் பார்க்கலாம். கடலையை மட்டும் முதலில் கொட்டிவிடுங்கள்.

தட்டு அனுப்பியவர்களுக்கு நானே நன்றிக் கடிதமும் எழுதினேன். வழியில் உடைந்துவிட்டது, வருந்துகிறேன் என்று. மிசஸ் ஸ்ட்ராண்ட் கேட்டபோதெல்லாம் இன்னும் ஒன்றும் வரவில்லை என்றேன். போன மாதம் பழைய மாணவர் சந்திப்பில் அந்த ஆறு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள் என்று யார் கண்டார்? ஆறு கடிதத்திலும் 'வருந்துகிறேன்' என்ற சொல்லில் ஒரே எழுத்து விடுபட்டிருந்ததாமே. 'தரை ஈரம், கவனம்' என்று நான் எழுதி வைத்த பலகையோடு நீங்கள் கையெழுத்தை ஒத்துப் பார்த்தது கெட்டிக்காரத்தனம். அந்தச் சொல்லை நான் இப்போது சரியாக எழுதப் பழகிக்கொண்டேன். மேலே பாருங்கள்.

ஆறு தட்டைத்தான் நீங்கள் கேட்டீர்கள். ஏழாவது ஒன்று இருக்கிறது. அதை நானாகச் சொல்கிறேன்.

போன நவம்பர். கான்சாஸிலிருந்து ஓர் அம்மாள் பத்திரிகை முகவரியை விட்டுவிட்டு, தட்டை நேராக மிசஸ் ஸ்ட்ராண்டின் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். இவர் அதைக் கைக்குழந்தைபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அந்தக் காலத்துத் தட்டை ஓட்டுகிற மெஷின் ஊரில் எங்களிடம்தான் இருக்கிறது. வலது காதில் கருவி மாட்டியிருந்தார். அன்று காலையில்தான் நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க அலுவலகத்திலிருந்து சாவி வாங்கியிருந்தேன். அது தற்செயல். ஜன்னலோரம் வெளிச்சத்தில் நாற்காலி போடுகிறேன் மேடம், கோட்டைக் கழற்றி மாட்டுங்கள் என்றேன். அவர் மாட்டித் திரும்புவதற்குள் உறைக்குள் இருந்த தட்டும் பெட்டிக்குள் இருந்த தட்டும் இடம் மாறிவிட்டன. இரண்டும் ஒரே அச்சு, ஒரே சீட்டு.

முள்ளை வைத்தேன். அவர் குனிந்து ஒலிப்பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டார். உள்ளங்கையையும் பலகையில் வைத்துக்கொண்டார். பல்லவி. முதல் வரி. இரண்டாவது வரி.

டொக், டொக்.

அவர் நிமிரவில்லை. பாட்டு முழுவதும் முடிந்து முள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன்.

"கொரலே இல்லையே டெல்மர்."

"இல்ல மேடம்."

"அப்ப என்ன சத்தம் அது?"

"மிதிக்கறார் மேடம். எம்மெட் ரெண்டு தடவ மிதிக்கறார். வாயத் தொறக்கவே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. கைக்குட்டையை எடுக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"படுபாவி. ஒரு வார்த்தையும் இல்லாமதான் அஞ்சு வருஷம் என்னக் கெஞ்ச விட்டானா? அப்ப ஊரே மிதிக்குதே, அது எம்மெட்டப் பாத்துதானா?"

"அப்படித்தான் இருக்கணும் மேடம்."

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. பாவம், அந்த ரெண்டு பையன்களோட அம்மாங்க மனசு கஷ்டப்படும்." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

தட்டைத் தானே வைத்துக்கொள்ள விரும்பவில்லை. கூடத்திலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். மெழுகு சொட்டிய தட்டு பெட்டிக்குத் திரும்பியது. மற்றதை அன்று மாலையே சுட்டேன். ஏழில் அதுதான் நன்றாக வந்த கிண்ணம், மடிப்பு ஒன்றுகூடப் பிசகவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவருக்கே கொடுத்தேன். படுக்கப் போகும்போது காதுக் கருவியைக் கழற்றி அதில்தான் வைக்கிறாராம். மார்ச்சோடு அந்தக் காதும் போய்விட்டதால், கருவி இப்போது பகலிலும் அதிலேயே கிடக்கிறது.

அவர் இப்போது ஓர் ஆட்டம் விடாமல் வருகிறார். பாட்டு அவருக்குக் கேட்காது. பக்கத்தில் உட்காரச் சொல்லி என்னையும் பிடித்து வைத்துக்கொள்கிறார். அந்த இடம் வரும்போது நான் அவர் முழங்கையைத் தொட வேண்டும். தொட்டதும் எழுபது வயதுக் காலால் பலகை அதிர இரண்டு மிதி மிதித்துவிட்டு, ஊருக்கே தெரியாத ரகசியம் தெரிந்தவர்போல் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இந்தச் சந்தோஷத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று நீங்களே சொல்லுங்கள். நான் எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம்.

தட்டில் உண்மையில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். அனுப்பியவர்களுக்கு அது ஏதோ ஆரவாரம், இரைச்சலுக்கு நடுவே ஒரு கத்தல். ஆளைத் தெரிந்தவன் காதுக்குத்தான் அது சொல். பேண்டு நிற்கிறது. இருபது இருபத்தொரு வயது ஆண் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, கல்லூரியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், நெப்ராஸ்கா வரைக்கும் எட்ட வேண்டும் என்பதுபோல் "வெர்னா" என்று கூப்பிடுகிறது.

மிசஸ் ஸ்ட்ராண்டின் பெயர் அது. அவர் காது கேட்ட காலத்திலேயே நான் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் சார், எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு பெரிய மனுஷியைக் கூட்டித் துடைக்கிறவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முறையில்லை.